மூன்றுக்கு அடுத்தது நான்கு

நீலகிரிக்கு வருகிறவர்கள் எந்தெந்த விலங்கிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று வழியெங்கும் பலகை வைத்திருக்கிறார்கள். யானை, காட்டெருமை, கரடி, குரங்கு என்று அழகாகப் படம் போட்டிருக்கும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். அதைப் படம் வரைந்து காட்டுவது கஷ்டம். பார்ப்பதற்கு அது உங்களையும் என்னையும் போலத்தான் இருக்கும். ஸ்வெட்டர் போட்டிருக்கும், வர்க்கியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடும், பனி கொட்டினால் பனியைப் பற்றியும் வெயில் அடித்தால் வெயிலைப் பற்றியும் குறைப்பட்டுக்கொள்ளும். நீங்கள் வண்டியில் ஏறிச் சாவியைத் திருகும்வரை அதை அடையாளம் காண முடியாது. திருகிய பிறகு தப்பிக்க முடியாது. அந்த ஜீவராசிக்குப் பெயர் கியர் பண்டிதர்.

கியர் பண்டிதர் என்றால் நன்றாக வண்டி ஓட்டுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஓட்டத் தெரியாதவர் என்றும் இல்லை. அடுத்தவர் கியர் மாற்றும் சத்தத்தைக் காதால் கேட்டு, அதனால் உள்ளம் நொந்து, நொந்ததை உடனே வெளியில் சொல்லியாக வேண்டிய பிறவி அவர். கோத்தகிரி போகும் அரசுப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின் சீட்டைப் பிடித்து உட்காருவார். ஏற்றத்தில் கியர் ஒருமுறை 'கர்ர்' என்று முனகினால் போதும், கண்ணை இறுக்கி மூடிப் பல்லைக் கடித்துக்கொள்வார். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்ட ஓட்டுநர் பாவம், மனிதாபிமானத்தோடு கேட்பார்.

"ஏனுங்க, பல்வலிங்களா?"

"எனக்கில்லைங்க. உங்க கியர்பாக்ஸுக்கு."

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசைப்பட்டால் குன்னூருக்கு வாருங்கள். பெயர் செந்தில்நாதன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவு மேற்பார்வையாளர். பூர்வீகம் தாராபுரம் பக்கம். குடும்பம் மலையேறி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஐம்பது வயதுவரைக்கும் அவரும் மற்றவர்களைப் போல வாயை மூடிக்கொண்டுதான் வண்டி ஓட்டினார். மூன்று வருடத்துக்கு முன்பு ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு எஸ்டேட் மேனேஜரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

சிவப்பு நிறம், இரண்டு கதவு, இரண்டே இருக்கை. உள்ளே உட்கார்ந்தால் பந்தியில் தரையில் சம்மணம் போட்டது போலிருக்கும். குன்னூர் வேகத்தடைகளில் ஒவ்வொன்றாக வயிற்றைத் தேய்த்துக்கொண்டுதான் வீடு வந்து சேரும். ஆறு கியர், எல்லாம் கையால் மாற்ற வேண்டியது. வருடத்தில் பாதி நாள் மூடுபனி, மீதிப் பாதி சுற்றுலாக்காரர்களின் நெரிசல் என்று இருக்கிற ஊரில், அந்த வண்டி மூன்றாவது கியரைப் பார்ப்பதே நல்ல நாள் கிழமைகளில்தான். ஆறாவது கியர் இருப்பதாகக் கியர் லீவரின் குமிழ் மேல் எழுதியிருக்கிறது. எழுதியிருப்பதை நம்ப வேண்டியதுதான்.

அந்த வண்டியை எடுப்பதற்கு முன்பு செந்தில்நாதன் செய்யும் சடங்குகளைப் பார்த்தால், கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டார் என்று தோன்றும். முதலில் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், குமிழில் கீறல் விழுமாம். அப்புறம் அதற்கென்றே வைத்திருக்கும் மெல்லிய அடிப்பாகம் கொண்ட கேன்வாஸ் செருப்பை மாட்டுவார், கிளட்ச்சின் நாடித்துடிப்பு பாதத்துக்குத் தெரிய வேண்டுமாம். கியர் குமிழுக்கு இரவுக் குளிருக்காக மாட்டியிருக்கும் கம்பளிக் குல்லாவை மெதுவாக உருவி எடுப்பார். இன்ஜினை உயிர்ப்பித்துவிட்டு, சூடு ஏறும்வரை ஷெட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எல்லாம் முடிந்து கடைவீதிக்குப் போய்க் கொத்தமல்லிக்கட்டு வாங்கி வருவார்.

இதெல்லாம் அவர் சொந்த விஷயம், நமக்கென்ன என்று விட்டுவிடலாம். அவர் விடமாட்டார். தேநீர்க்கடையில் உங்கள் எதிரே வந்து உட்காருவார். உங்கள் தேநீர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். உபதேசம் தொடங்கும்.

"இதுதான் கியர் லீவர்னு வெச்சுக்குங்க. மேல நடுவுல மூணு. அதுக்கு நேர் கீழ நாலு. மூணுக்கு அடுத்தது நாலு, அவ்வளவுதான். உள்ளங்கைய விரிச்சு வெச்சு நேராக் கீழ இழுத்தா, அதுவாப் போயி உக்காந்துக்கும். லீவருக்கு உள்ள ஸ்பிரிங் இருக்குதுங்க, அதுக்கு வழி தெரியும். நம்ம ஆளுக என்ன பண்றாங்க?"

நம்ம ஆளுக என்ன பண்றாங்க என்ற இந்த இடத்தில்தான் செந்தில்நாதனுக்குக் களை வரும். தோளை உயர்த்துவார், முகத்தைக் கோணுவார், டம்ளரை முஷ்டியால் கழுத்தை நெரிப்பது மாதிரி பிடிப்பார். "இப்படிப் புடிச்சு, இப்படி இடது பக்கமாத் தள்ளி, இப்படி இழுக்கறாங்க. எங்க போயி விழுகும்? ரெண்டுல. வேகமாப் போற வண்டிய ரெண்டுல போட்டுக் கிளட்ச்ச விட்டா என்னாகும்? இன்ஜின் சக்கரத்தச் சுத்தாதுங்க. சக்கரம் இன்ஜினப் புடிச்சுச் சுத்தும். ஙீஈஈன்னு ஒரு கத்து. ஒரு செகண்டு போதும். உள்ள வால்வு வளைஞ்சு, பிஸ்டன்ல இடிச்சு, முடிஞ்சுது கதை." டம்ளர் மேசையின் இடது ஓரத்தில் போய் நிற்கும். அதிலிருந்த தேநீர் உங்கள் மடியில் இருக்கும்.

சரியான முறையை அவர் காட்டுவது அரை வினாடி. தப்பான முறையைக் காட்டுவதற்குத்தான் நேரம், தோள், முகம், குரல் எல்லாம். பார்க்கிறவர்கள் சிரிப்பதும் அதற்குத்தான். எனவே தேநீர்க்கடையில் காட்டினார், ஆபீஸ் கேன்டீனில் தண்ணீர் ஜக்கை வைத்துக் காட்டினார், கல்யாணப் பந்தியில் பரிமாற வந்தவரின் சாம்பார்க் கரண்டியை வாங்கி வாளிக்குள்ளேயே மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளிக் காட்டினார். கூட வேலை செய்யும் மருதமுத்துவின் பெரியப்பா இறந்த வீட்டுக்குப் போனவர், பெரியவர் கடைசிவரைக்கும் ஜீப் ஓட்டினார் என்று யாரோ பேச்சுவாக்கில் சொல்லப்போக, ஜீப் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் மடக்கு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். மருதமுத்து அழுகையை நிறுத்திவிட்டுக் கவனித்தார். வேறு என்ன செய்வது?

வீட்டில் இதையெல்லாம் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி தீபலட்சுமி.

தீபலட்சுமிக்குக் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. வீட்டிலிருக்கும் இன்னொரு வண்டி, நான்கு பேர் உட்காரும் வெள்ளை நிறச் சின்னக் கார், அவர் கையில்தான். மழையில், பனியில், மண் சரிந்த பாதையில் தினமும் அதில் போய்வருகிறார். அதில் எந்தச் சத்தமும் வந்ததில்லை. அதனால் அதைப் பற்றிச் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு வண்டி வந்த முதல் வாரத்திலேயே தீபலட்சுமி கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

செந்தில்நாதன் மறுக்கவில்லை. பண்டிதர்கள் மறுப்பதில்லை, பாடம் எடுப்பார்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஷெட்டுக்குள் உட்காரவைத்து, கிளட்ச்சை மிதி, மூன்று, நான்கு, மறுபடி மூன்று என்று மாதக்கணக்கில் பழக்கினார். விரித்த உள்ளங்கை, தளர்ந்த மணிக்கட்டு, அவசரப்படாத கை. தீபலட்சுமியும் சமையலை முடித்துவிட்டு வந்து, நிற்கிற வண்டியில் நின்ற இடத்திலேயே ஆறு கியரும் போட்டுப் பழகினார். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் செந்தில்நாதன் ஒரே தீர்ப்பைத்தான் சொன்னார்: "பரவால்ல. இன்னும் பக்குவம் வரல." மூன்று வருடம் ஆயிற்று. பக்குவம் வரவேயில்லை.

தீபலட்சுமிக்கு அந்த வண்டி மேல் உண்மையிலேயே ஆசை. கீழ்ஸ்தாயியில் உறுமி மெல்ல மேலேறும் அந்தச் சத்தம் அவருக்கு அவ்வளவு பிடிக்கும். காலையில் ஷெட்டில் இன்ஜின் சூடேறும்போது அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம்முறை கேட்டு இரண்டாம்முறை பக்குவமில்லை என்று கேட்டுக்கொள்ள மனம் வராததால் சும்மா இருந்தார். மனத்துக்குள் அது உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

இந்த நிலையில்தான் கோயமுத்தூரில் தீபலட்சுமியின் தங்கை சசிரேகா வீட்டில் ஒரு காதுகுத்து விருந்து வந்தது. சசிரேகாவின் கணவர் தினகரன், அதாவது செந்தில்நாதனின் சகலை, புதிதாக வாங்கியிருந்த பெரிய வண்டியில் கியரே கிடையாது. கியர் இருக்கிறது, ஆனால் அதுவே மாற்றிக்கொள்ளும். கியர் பண்டிதருக்கு இப்படி ஒரு வண்டியைக் காட்டுவது, கறிக்கடைக்காரரை அழைத்துப்போய்க் காளானைக் காட்டுவது மாதிரி. செந்தில்நாதன் சாம்பார்க் கரண்டியைக் கையில் எடுத்தார். தப்பான முறை, தோள், முகம், ஙீஈஈ.

"அதுக்குத்தான் கம்பெனிக்காரன் லிமிட்டர்னு ஒண்ணு வெச்சிருக்கறானே சகல. அளவுக்கு மேல சுத்துனா அதுவே கட் பண்ணிடுமல்லங்க?" என்றார் தினகரன்.

"அது நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சு ஏத்துனா கட் பண்ணும். முன்வாசல் வாட்ச்மேனுங்க அது. தப்பான கியர் போட்டீங்கன்னா சக்கரம் கொல்லப்பக்கமா வந்து சுத்துது. வாட்ச்மேன் என்ன பண்ணுவான்?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு நல்ல பதிலைச் சொல்லிவிட்டு ஒரு மனிதர் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாமா? தினகரன் நிறுத்தவிடவில்லை.

"அப்போ நீங்க ஒருநாளும் கியரத் தப்பாப் போட்டதே இல்லீங்களா?"

செந்தில்நாதன் கரண்டியை வைத்தார். பையிலிருந்து சிவப்பு வண்டிச் சாவியை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தார். "ஒரே ஒருக்கா தப்பா விழுகட்டும், இந்தச் சாவி தீபாவுக்கு. அப்பறம் ஆயுசுக்கும் நான் அந்த வண்டில இடது பக்கம்தான் உக்காருவேன். எல்லாரும் சாட்சி."

எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த தீபலட்சுமி சாவியைப் பார்த்தார். அப்புறம் ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டார்.

நீங்கள் அவசரப்பட்டு, மறுநாளே தப்பாகப் போட்டிருப்பார் என்று நினைக்கக் கூடாது. இரண்டாவது கியரிலேயே வாழ்க்கை நடத்துகிறவருக்குத் தப்பாகப் போட வாய்ப்பு ஏது? மாதங்கள் போயின. சாவி அவர் பையிலேயே கிடந்தது. அவர் நடையில்கூட ஒரு நிமிர்வு வந்துவிட்டது. போன கோடை விடுமுறையில் தினகரன் மசினகுடியில் ஒரு ரிசார்ட்டில் அறை போட்டு, இவர்களையும் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். தினகரனின் வண்டிக்குக் கோயமுத்தூர் நம்பர். வெளியூர் வண்டிகளைக் கல்லட்டி மலைப்பாதை வழியாக இறங்க விடமாட்டார்கள். கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். சிவப்பு வண்டிக்கு ஊர் நம்பர். அந்தப் பாதை பிரியும் தலைகுந்தாவில் போலீஸ்காரர் நம்பரைப் பார்த்துவிட்டுக் கையசைத்துப் போகச் சொன்னபோது, செந்தில்நாதன் ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி தலையசைத்தார்.

கல்லட்டி இறக்கம் அவருக்குக் கோயில் மாதிரி. கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குறைந்த கியரில் இறங்குங்கள் என்று வழியெல்லாம் பலகை. அரசாங்கமே தன் கட்சியில் இருக்கும் அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அவர் ஒரு சிற்றுரை ஆற்றினார். பிரேக்கை நம்பி இறங்கும் வண்டி ஒன்றிலிருந்து கருகிய வாடை வந்தது. ஆசையாக மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தியா தீபா, மிதிச்சே கொல்றான்." தீபலட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி முழுக்க முழுக்க இரண்டிலும் ஒன்றிலும் இறங்கியது. ஒரு குறை சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவர் அருமையாக ஓட்டினார்.

மலை முடிந்தது. மாவனல்லா தாண்டிச் சாலை சமமாகி, நேராக நீண்டது. முன்னால் வண்டியில்லை, மாடில்லை, மனிதர் இல்லை. மூன்று வருடமாகச் சங்கிலியில் கட்டிவைத்ததை இன்றைக்கு ஒரே ஒரு தரம் அவிழ்த்துவிடலாம் என்று செந்தில்நாதனுக்குத் தோன்றியது. மூன்றாவது கியரில் மிதித்தார். என்ன வேகம் என்று நான் எழுதப்போவதில்லை. போக்குவரத்துக் காவலர்களும் கதை படிக்கிறார்கள். இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டின் வாசலுக்கே போய்விட்டது. சத்தம் மேலே மேலே ஏறியது. தீபலட்சுமி ஜன்னலிலிருந்து திரும்பி, முதல்முறையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். உள்ளங்கையை விரித்து, நேராகக் கீழே இழுத்து, நான்கில் போட்டுவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். ஆனால் பக்கத்து இருக்கையில் ஒரு ஆள் கவனிக்கிறார் என்று தெரிந்த பிறகு எந்தப் பண்டிதரால் பேசாமல் இருக்க முடியும்?

"இப்பப் பாரு தீபா. இங்கதான் தப்பு நடக்கும்." கிளட்ச்சை மிதித்தார். "மூணுக்கு அடுத்தது நாலு. நம்ம ஆளுக என்ன பண்றாங்க? இப்படிப் புடிச்சு..."

முஷ்டி இறுகியது. தோள் உயர்ந்தது. முகம் கோணியது. எத்தனையோ டம்ளரிலும் ஜக்கிலும் கரண்டியிலும் பழகிப் பழகித் தேறிய கை, குமிழை இடது பக்கமாகத் தள்ளிக் கீழே இழுத்தது. அந்தக் கைக்கு அத்துப்படியான ஒரே பாதை அதுதான். டம்ளருக்குக் கிளட்ச் கிடையாது. வண்டிக்கு உண்டு. அவர் பாதம், கேன்வாஸ் செருப்பின் மெல்லிய அடிப்பாகத்தோடு, எந்த நாடித்துடிப்பையும் பார்க்காமல் கிளட்ச்சை விட்டது.

ஙீஈஈ என்ற சத்தத்தை அவர் இதுவரை ஓரளவு குறைத்துத்தான் செய்து காட்டியிருக்கிறார் என்று அப்போது தெரிந்தது. வண்டி மூக்கைக் கீழே குத்தியது. பின்சக்கரங்கள் கிறீச்சிட்டன. முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்கள் எல்லாம் முடிந்துபோன இடத்தில் போய் நின்று நடுங்கியது. செந்தில்நாதன் அப்போதும் வாயைத் திறந்தபடி இருந்தார்.

"கிளட்ச்சு" என்றார் தீபலட்சுமி.

கால் தானாக மிதித்தது. சத்தம் அறுந்து விழுந்தது. மூன்று வருடத்தில் அவர் மனைவிக்குச் சொன்ன சொற்களை அடுக்கினால் மலைப்பாதை நீளத்துக்கு வரும். மனைவி அவருக்குச் சொன்னது இந்த ஒன்றுதான்.

வண்டியை ஓரங்கட்டினார். இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தார், மறுபடி உயிர்ப்பித்தார், இறங்கிப் போய் இன்ஜின் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். 'டிக்டிக்' என்று ஏதோ கேட்டது. வண்டியா, தன் நெஞ்சா என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நியாயமாக அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். ஒரு செகண்டு போதும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தவருக்கு, இன்ஜின் தன் பேச்சை மதிக்கவில்லையே என்று ஒரு மூலையில் வருத்தமாகவும் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அது தப்பாப் போட்டது இல்ல தீபா. தப்பாப் போட்டா எப்படி இருக்கும்னு காட்டுனேன். ரெண்டும் வேற."

"சரிங்க."

"தெரியாமப் பண்ணுனாத்தான் தப்பு. இது டெமான்ஸ்ட்ரேஷன்."

"சரிங்க."

கல்யாணமான ஆண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுத்துப் பேசினால் வாதாடலாம். சரிங்க என்று சொல்லிவிட்டால் அடுத்து எங்கே போவது? சாவி தீபலட்சுமிக்கு என்று சொன்னது பந்தியே கேட்ட சத்தியம். ஆனால் இந்த வண்டியில் இருக்கை இரண்டுதான், சாட்சி ஒன்றுதான், அந்தச் சாட்சி சரிங்க என்கிறது. மசினகுடி வரும்வரை செந்தில்நாதன் மூன்றாவது கியரைத் தொடவில்லை. நான்காவதைப் பற்றிப் பேசவும் இல்லை.

ரிசார்ட்டில் தினகரனும் சசிரேகாவும் சாப்பாட்டு மேசையில் காத்திருந்தார்கள். செந்தில்நாதன் சாவியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார், சாப்பிட்டார், தலை நிமிரவில்லை. தண்ணீர் ஜக் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது, தொடவில்லை. தினகரனுக்குக் கவலையாகிவிட்டது.

"உடம்புக்கு முடியலீங்களா சகல? பேச்சே காணோம்?"

"ஒண்ணுமில்லைங்க. வெயிலு."

தீபலட்சுமி தயிரைத் தங்கை பக்கம் நகர்த்தினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொன்னால் சாவி கைக்கு வந்துவிடும். ஆனால் கேட்டுப் பிடுங்கிய சாவியால் வண்டி ஓட்ட அவருக்கு இஷ்டமில்லை. செந்தில்நாதன் தாமாகச் சொல்கிறாரா என்று பார்க்க நினைத்தார். அவர் சொல்லமாட்டார் போலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே போயிருந்தால் சத்தியமும் செரித்துப் போயிருக்கும். தினகரன்தான் கெடுத்தார், சகலையைக் குஷிப்படுத்தலாம் என்ற நல்ல எண்ணத்தில்.

"கூடலூர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்தேனுங்க, கியர்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு. இந்தக் காலத்துல எவனுங்க கியரத் தப்பாப் போடறான்?"

செந்தில்நாதனின் இடது கை மேசைமேல் ஊர்ந்தது. ஜக்கின் கைப்பிடியைத் தொட்டது. அவர் வேண்டாம் என்று நினைத்ததாகத்தான் பின்னாளில் சொன்னார். கை கேட்கவில்லை.

"எவனா? இப்ப வர்ற வழியில ஒருத்தனப் பாத்தேனுங்க. மாவனல்லா தாண்டி. மூணுல முழுசா இழுத்துட்டு வர்றான். நாலுல போடணுமா இல்லியா? முட்டாப்பய, இப்படிப் புடிச்சு, இப்படித் தள்ளி, ரெண்டுல போட்டான் பாருங்க." ஜக் மேசையின் இடது ஓரத்துக்குப் போனது. தண்ணீர் சசிரேகாவின் மடிக்குப் போனது. "முள்ளு எங்க போச்சுன்னு நெனைக்கறீங்க? எண்ணெல்லாம் முடிஞ்சு அதுக்கும் அந்தாண்ட."

"அய்யய்யோ. அப்பறம்?"

"இன்ஜின் போயிருக்கணும். என்னமோ நல்ல நேரம், உடனே கிளட்ச்ச மிதிச்சுட்டான். அவனுக்கு எங்க அந்த மூளை? பக்கத்துல அவன் பொண்டாட்டி இருந்தா. அவதான் கிளட்ச்சுன்னு..."

நின்றார்.

தினகரன் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை இலையிலேயே வைத்தார். "ஏனுங்க சகல, ரோட்டுல போற வண்டிக்குள்ள பொண்டாட்டி பேசுனது உங்களுக்கு எப்படிங்க கேட்டுச்சு?"

முதலில் சிரித்தது சசிரேகா, நனைந்த மடியோடு. அப்புறம் தினகரன். தீபலட்சுமி சிரிக்கவில்லை. இடது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். செந்தில்நாதன் அந்தக் கையைப் பார்த்தார். விரித்த உள்ளங்கை, தளர்ந்த மணிக்கட்டு, அவசரமே இல்லை. மூன்று வருடம் தான் சொல்லிக்கொடுத்த பக்குவம் அப்படியே இருந்தது. சாவியை எடுத்து அதில் வைத்தார்.

சாயங்காலம் தீபலட்சுமி வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். இருக்கையை முன்னே இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலை வைத்தார். சடங்கு அவ்வளவுதான். செந்தில்நாதன் இடது பக்கம் உட்கார்ந்து, பிரேக் இல்லாத இடத்தில் வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். கல்லட்டி ஏற்றம் தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் கியர் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. வண்டி ஒருமுறைகூட முனகவில்லை. பத்துப் பன்னிரண்டு வளைவுவரை தாக்குப்பிடித்தவர், அதற்குமேல் முடியாமல் வாயைத் திறந்தார்.

"தீபா, இங்க வந்து..."

"நீங்க சொன்னபடிதானுங்க ஓட்டறேன். மூணு வருசமாச் சொன்னீங்களே, நான் கேட்டுட்டேன். நீங்கதான் கேக்கல."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தலைகுந்தா தாண்டிச் சாலை கொஞ்சம் விரிந்தபோது தீபலட்சுமி மூன்றாவதில் இழுத்து, விரித்த உள்ளங்கையால் நேராக நான்குக்குக் கொண்டுவந்தார். கீழ்ஸ்தாயியில் உறுமிய சத்தம் ஒரு படி இறங்கி, மறுபடி மேலேறிப் போனது. செந்தில்நாதன் சற்றே திகைத்துப்போனார். மூன்று வருடமாகச் சொந்தமாக வைத்திருந்த வண்டி. அது இப்படிப் பாடும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. எப்போதும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தாரே. இந்த வண்டியையா இவ்வளவு நாள் இவளுக்குத் தராமல் வைத்திருந்தோம் என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் குன்னூர்வரை நீடித்தது.

மறுநாள் தேநீர்க்கடையில் மருதமுத்துவின் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நம்ம ஆளுக என்ன பண்றாங்கன்னா, பேசிக்கிட்டே கியர் போடறாங்க" என்று புதிய அத்தியாயத்தைத் தொடங்கினார். இந்த ஜீவராசிக்கு வைத்தியம் கிடையாது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஒருவேளை சைக்கிள்கூட இல்லை. சரி, மருமகள் தோசை ஊற்றும் லட்சணத்தைத் தங்கையிடம் கையால் சுழற்றிக் காட்டியது யார்? மேலதிகாரி கையெழுத்துப் போடும் அழகை நடித்துக் காட்டியது? அடுத்தவர் தப்பை இத்தனை முறை ஒத்திகை பார்த்த கை, அவசரத்துக்கு எதை எடுத்துக் கொடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

இருக்கட்டும். இந்தக் கதையை நீங்கள் யாரிடமாவது சொல்லத்தான் போகிறீர்கள், எனக்குத் தெரியும். சொல்லும்போது அந்த இடம் வரும். முஷ்டி இறுகும், தோள் உயரும், கை இடது பக்கமாகத் தள்ளிக் கீழே இழுக்கும். இப்போதே லேசாக இழுத்துப் பார்த்தீர்கள், நானும் கவனித்தேன். தாராளமாகக் காட்டுங்கள். காட்டுவதற்கு முன்னால் மட்டும், கையில் இருப்பது டம்ளர்தானா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.